கரடி சத்தியம் செய்யவில்லை

பிப்ரவரி 9, திங்கள்

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வலது கையை நெஞ்சில் வைத்து அறிவிக்கிறேன்: இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை யாரும் நம்பப் போவதில்லை. நாற்பது வருடம் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். எட்டு மாநிலத்தில் பூமியைக் குத்தியிருக்கிறேன். ராய்ச்சூர் பக்கம் ஒருமுறை ஆயிரத்து அறுநூறு அடி போனபோது கீழேயிருந்து யாரோ "யாரது?" என்று கன்னடத்தில் கேட்டார்கள். அதையே நம்பாத திருச்செங்கோட்டு ஜனங்கள் இதையா நம்பப் போகிறார்கள்!

இப்போது நான் இருப்பது செக் நாட்டில், மொராவியா என்கிற சீமையில். ஊரின் பெயர் ஸ்ம்ர்க். இன்னொரு முறை பாருங்கள். மருந்துக்குக்கூட ஓர் உயிரெழுத்து இல்லை. எல்லாம் மெய். மெய்யாலேயே கட்டின ஊருக்குப் பொய் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று பகவான் என்னை அனுப்பியிருக்கிறான்.

வந்த காரியம் உலகச் சுற்றுப்பயணம். உலகத்தில் இந்த ஓர் ஊர் மட்டும் டிக்கெட்டில் இருப்பது ஏஜெண்டின் தவறு. பத்தொன்பதாம் தேதி திரும்ப வேண்டும்.

சாராயக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். பனி அண்ணாந்து பார்க்கும் உயரம். திருச்செங்கோட்டு மலையை இங்கே கொண்டுவந்து வைத்தால் உச்சியில் இருக்கிற உச்சிப்பிள்ளையார் கோயில் மட்டும் வெளியே தெரியும். சன்னலைத் திறந்தால் எதிரே பச்சைக் கதவு போட்ட வீடு. அதில் என் அக்கா பாவாயியின் மகள் பூங்கோதை குடியிருக்கிறாள். இது தற்செயல்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தற்செயல் என்றால் நோட்டுகூடச் சிரிக்கும் போலிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

பூங்கோதை பெரியமனுஷியானபோது தாய்மாமன் சீராக நூற்றியொரு தட்டு எடுத்துப் போனவன் நான். முன்னால் மூன்று யானை. (யானை வரவில்லை என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள்.) அப்படிப்பட்டவள் படிக்க இந்தத் தேசத்துக்கு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், "மாமா, நேத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டமுங்" என்றாள். மாப்பிள்ளை ராதெக், டிராக்டர் பழுது பார்க்கிறவன். வெள்ளைக்காரன் என்பது எனக்குப் பொருட்டில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டேன். "பதிவு ஆபீஸ் பியூன் சாட்சிக் கையெழுத்துப் போட்டாருங் மாமா" என்றாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தி. சொந்தக்காரர்கள் இருநூறு பேர். கையில் ரசச் சோற்றைப் பிசைந்தபடி, "இனி அவ ஊட்டு வாசப்படிய மிதிச்சா எம்பேரு அர்த்தநாரி இல்லே!" என்று சத்தியம் செய்தேன். பந்தி முழுக்க உச்சுக்கொட்டியது. ரசத்தின் மேல் செய்த சத்தியம். மீற முடியாது.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பில் முதல் வளையல் மாமன் போட வேண்டும். அக்கா பாவாயி என் பெட்டியில் நான்கு டஜன் கண்ணாடி வளையலைத் திணித்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். வேட்டிக்குள் சுருட்டி, சால்வைக்குள் வைத்து, மூன்று விமானத்தில் மடியிலேயே வைத்து வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பிப்ரவரி 11, புதன்

ராதெக் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுகிறான். அந்தப் பெண் ஏழு மாத வயிற்றோடு மண்வெட்டி பிடித்து வாசல் பனியை வாருகிறது. இந்த ஊரில் ஆம்பிளைகளுக்கு என்ன கேடு?

பிப்ரவரி 12, வியாழன்

எதிர்வீட்டு வாசல் பனியை யாரோ விடியுமுன்னே வாரியிருக்கிறார்கள். கேட்டிலிருந்து படி வரைக்கும் சுத்தம்; படியை மட்டும் தொடவில்லை. ஊரில் பூதம் நடமாடுகிறது என்று கடைக்காரம்மா லிபுஷேயிடம் சைகையால் சொன்னேன். அவள் என் சிவந்த கையைப் பார்த்துவிட்டு, சூடான துணியை இடுப்புக்குக் கொடுத்தாள். இடுப்பு வலி பழைய வலி.

இந்த லிபுஷே ஒரு மேதை. அறுபது வயது, இருநூறு கிலோ, இரண்டு கையில் பதினாறு பீர்க் குவளை தூக்குகிறாள். தினமும் மத்தியானம் எனக்கென்று தனியாக ஒரு சூப். மிளகு, சீரகம், பூண்டு, கடைசியில் பெருங்காயம்! கொத்தமல்லித் தழை வேறு. ஸ்ம்ர்க் கிராமத்தில் ஒரு கிழவி தன் சொந்த மூளையால் ரசத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். எவர்சில்வர் தூக்குப்போசியில் ஊற்றி வைத்திருக்கிறாள். தூக்குப்போசி இந்த நாட்டிலும் செய்கிறார்கள் போலிருக்கிறது.

இன்று ஊரெல்லாம் தின்கிறது. கொழுத்த வியாழனாம். பன்றி அடித்து, குடலில் கறியும் ரொட்டியும் அடைத்து அவித்து, பிறகு ஜாம் வைத்த போண்டா. நான் எழுபத்தாறு போண்டா தின்றேன். சாயங்காலம் ராதெக் பீர் குடிக்க வந்தான். என் மேசைக்கு எதிரே கைகட்டி நின்றான்.

"மாமா, சாப்டாச்சுங்களா?"

செக் நாட்டுக்காரன் வாயில் எங்கள் ஊர் 'ங்'! பூங்கோதை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்து, "ஏந்தம்பி, எதுக்கு இப்பிடி எல்லாருந் திங்கறாங்க?" என்று கேட்டேன்.

"மசோபுஸ்த்துங் மாமா. கறிக்கு விடை கொடுக்கறதுங். அடுத்த புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாள் விரதம். அதுக்கு முந்தி தின்னு, ஆடி, வேசங் கட்டித் தீத்துப்போடோணும்."

புரிந்துவிட்டது. புரட்டாசி பிறக்கும் முந்தின ஞாயிறு எங்கள் ஊர்க் கறிக்கடை. அதை இவர்கள் ஆறு நாள் நடத்துகிறார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா அர்த்தநாரி, புள்ளயப் பாத்தியா?"

"சன்னல்ல பாத்தேன்."

"சன்னல்ல பாக்கறதுக்காடா அத்தன தூரம் போன? நேரா ஊட்டுக்குள்ள போயேன்!"

"சத்தியம் பண்ணியிருக்கறேன், அக்கா. நீ பாட்டுக்கு வளையலக் கட்டிக் குடுத்துட்ட, நான் எப்பிடிக் குடுக்கறது?"

"எந்த வளையலு? நான் பருப்புப்பொடியும் நார்த்தங்கா ஊறுகாயுந்தானே குடுத்துட்டேன்!"

அக்காவுக்கு வயசாகிவிட்டது. ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. பாவம்.

பிப்ரவரி 14, சனி

காலையில் பூதம் மறுபடி பனி வாரியது. இந்த முறை படிக்குப் பக்கத்தில் உப்பும் தூவியிருக்கிறது, வழுக்காமல் இருக்க. நல்ல மனசுள்ள பூதம்.

மத்தியானம் ராதெக் வந்தான். முகம் விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வேஷக்காரர்கள் வீடு வீடாகப் போவார்களாம். குதிரை, புகைக்கூண்டு துடைக்கிற கரிக்காரன், பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் உண்டு. நடுநாயகம் கரடி. சங்கிலியில் கட்டிக் கூட்டிப்போவார்கள். வீட்டுக்கார அம்மா கரடியோடு ஆட வேண்டும். அவள் எவ்வளவு உயரம் குதிக்கிறாளோ அவ்வளவு உயரம் அந்த வருடம் கோதுமை வளரும். இருபது வருடம் கரடி கட்டின கசாப்புக்காரர் நேற்றுப் பனியில் வழுக்கி விழுந்து, கால் மாவுக்கட்டில் கிடக்கிறது.

"கரடிக்கு ஆளில்லீங் மாமா. ஒயரமும் வேணும், வயிறும் வேணும். ஊருக்குள்ள பாத்தா..."

அவன் பார்வை என் வயிற்றில் வந்து நின்றது.

"ஏந்தம்பி, நான் உலகச் சுற்றுப்பயணி."

"கரடி பேசப்படாதுங். உறுமினாப் போதும். நீங்க பேசாம இருப்பீங்களான்னுதான் எனக்கும் சந்தேகமா இருக்குதுங்."

தன்மானத்தைச் சீண்டுகிறான். அப்போது லிபுஷே மேசையைத் துடைத்துக்கொண்டே அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். ராதெக் மொழிபெயர்த்தான்: "வேசங் கட்டுனவனுக்குப் பேரு கெடையாது. யாரு உள்ள இருக்கறான்னு தெரிஞ்சாலும் பேரு சொல்லிக் கூப்பிடப்படாது. கரடின்னா கரடிதான். அது இந்த ஊரு வழக்கம்னு சொல்லுதுங்."

"எல்லா ஊட்டுக்கும் போகுமா?" என்று கேட்டேன். ஒரு தகவலுக்காகத்தான்.

"எல்லா ஊட்டுக்கும் போகுமுங். எதிரூடுதான் கடைசி."

கலைக்காக ஒத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒத்திகை. கரடித் தோல் மூன்று டன். பழைய ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்தது. உள்ளே நாற்பது கரடிக்காரர்களின் வியர்வை தலைமுறை தலைமுறையாக ஊறியிருக்கிறது. லிபுஷேயோடு ஆடிப் பார்த்தேன். அவள் குதித்த குதியில் இந்த வருடம் கோதுமை பனைமரம் உயரம் நிச்சயம்.

கரடி வயிற்றில் வைக்கோலுக்குள் ஒரு பை இருக்கிறது. எதையாவது வைத்துக்கொள்ளலாம். எதையும் வைக்கப் போவதில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

வைத்துவிட்டேன்.

கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது பொய்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பேனா ஓட மாட்டேன் என்கிறது. குளிர். இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் வேஷக்காரர்கள் கூடினோம். ஊருக்குள் அட்டகாசம் பண்ண அவரிடம் முறைப்படி அனுமதி கேட்க வேண்டும். அவர் கொடுத்தார். கையோடு பிளம்ஸ் பழச் சாராயமும் கொடுத்தார். கரடிக்கு வாய் சின்ன ஓட்டை, அதனால் குழல் வைத்து ஊற்றினார்கள். பொண்ணு வேஷம் போட்டவருக்கு மார்புவரை தாடி. குதிரைக்குள்ளே இரண்டு பேர். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் காலையிலேயே சண்டை, குதிரை வட்டமாகச் சுற்றியது. கரிக்காரன் எதிரே வந்த கன்னத்திலெல்லாம் கரி பூசினான். ராதெக் என் சங்கிலியைப் பிடித்திருந்தான். அகார்டியன்காரர் வாசித்தார். நான் உறுமினேன். அந்த உறுமலில் போலந்து எல்லையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகப் பிறகு தகவல் வந்தது.

முப்பத்தொன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவி, ஒரு ஆட்டம், ஒரு போண்டா. ஆடி முடித்ததும் என் உடம்பிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கோழி அடைகாக்கிற கூட்டில் போட்டால் முட்டை பெருகுமாம். மத்தியானத்துக்குள் எனக்கு முதுகில் சொட்டை விழுந்துவிட்டது. நடக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் கிணுகிணு என்று சத்தம். "கரடி என்னத்த முழுங்குச்சு?" என்று கேட்ட குழந்தைக்கு ராதெக் ஏதோ சொல்லிச் சமாளித்தான்.

கடைசி வீடு. பச்சைக் கதவு.

கேட்டைத் தாண்டினேன். பூதம் வாரின பாதை வழியாகப் படிவரை வந்தேன். அங்கே கால் நின்றுவிட்டது. ராதெக் சங்கிலியை இழுத்தான். மூன்று டன் கரடியை யார் இழுக்க முடியும்? குதிரை வந்து பின்னாலிருந்து முட்டியது. நான் அசையவில்லை. முகமூடிக்குள்ளே இருநூறு பேர் பந்தியில் உட்கார்ந்து உச்சுக்கொட்டினார்கள்.

கதவு திறந்தது. பூங்கோதை நின்றாள். அரக்குப் பட்டுச்சேலை, தலையில் பூ. பிப்ரவரி மாதத்தில் இந்த ஊரில் பூ எங்கே கிடைத்ததோ. கையில் தட்டு, தட்டில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு. கரடியை வரவேற்கச் சந்தனம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கரடியாரே, உள்ள வாங்."

நான் உறுமினேன். அது உறுமல் மாதிரி வரவில்லை.

"எங்க மாமந்தானுங் எம்பட வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுனது. கரடி ஒண்ணும் பண்ணுலீங்களே. வலது கால எடுத்து வெச்சு வாங்."

கரடி வலது காலை எடுத்து வைத்தது. நான் அல்ல. கரடி.

உள்ளே நாற்காலி போட்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா கரடியோடு ஆட வேண்டும் என்று அகார்டியன்காரர் சுதி கூட்டினார். ஏழு மாத வயிற்றை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் குதிப்பாள்? அவளை உட்கார வைத்துவிட்டு, அவள் பங்குக்கும் சேர்த்து நானே குதித்தேன். தலை உத்தரத்தில் இடித்தது. கோதுமைக்கு அந்த உயரம் போதும் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு அவள் கரடியின் காதுப் பக்கமாகக் குனிந்தாள். "கரடியாரே, ஒரு ஒத்தாச பண்ணோணும். எங்க மாமன எங்கியாச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங். அவருகிட்டக் கேட்டா வேண்டான்னு சொல்லிப்போடுவாரோன்னு பயந்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன். கையெழுத்துப் போடறப்ப மாமன் நிக்கற எடத்துல பியூன் வந்து நின்னாரு. அவருகிட்ட, சித்த நேரம் தள்ளி நில்லுங்கன்னு சொல்லி அந்த எடத்தக் காலியாவே உட்டுட்டேன். அத மட்டும் சொல்லிப்போடுங்."

கரடி தலையாட்டியது. கரடிக்குத் தமிழ் தெரியும் என்று இன்றுதான் எனக்கே தெரியும்.

வயிற்றுப் பையிலிருந்து வளையல் மூட்டையை எடுத்தேன். நகம் வைத்த தோல் கையுறையால் கண்ணாடி வளையலைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினேன். ஆட்டுத்தோல் கரடிக்குத் திருச்செங்கோட்டுக்காரன் கை முளைத்ததைப் பார்த்து அகார்டியன் நின்றுவிட்டது. சந்தனம் தொட்டு அவள் கையில் வைத்தேன். முதல் வளையல் சுலபமாக ஏறியது. ஐந்தாவது வளையல் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. அவள் கை வீங்கியிருந்தது. அழுத்தினால் வலிக்குமே என்று, பேசக் கூடாது என்பதே மறந்து,

"வலிக்குதா, அம்மிணி?" என்று கேட்டுவிட்டேன்.

ராதெக் சங்கிலியை மெல்ல அசைத்து, "கரடி பேசப்படாதுங்..." என்றான்.

"கரடி எங்கீங்க பேசுச்சு? எங்காதுல ஒண்ணும் உழுகுல" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டு முகத்தைக் கரடியின் தோளில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்றத்தில் எப்படி வைத்தாள் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் வைத்திருந்தாள். கரிக்காரன் காலையில் பூசின கரி என் கண்ணில் இறங்கிவிட்டது.

இரண்டு கைக்கும் சேர்த்து நாற்பத்தாறு வளையல் ஏறியது. இரண்டு உடைந்துவிட்டது, மூன்று விமானத்தில் உடையாதது.

சாயங்காலம் சாவடியில் குதிரைக்கு விசாரணை. ஊரில் அந்த வருடம் நடந்த எல்லாப் பாவத்தையும் குதிரை தலையில் போட்டு, மரணதண்டனை கொடுத்து, சுட்டார்கள். விழுந்தது. பிறகு வாயில் சாராயம் ஊற்ற, எழுந்து ஆடியது. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, குதிரைக்காகக் கரடி அழுகிறது என்று லிபுஷே எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். விரதம். ஊர் அடங்கிவிட்டது. கரடித் தோலைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வருடம்தான் இறங்கும். நாளைக்கு என் விமானம்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். லிபுஷே அவித்த பயறும் உப்பு மீனும் கொண்டுவந்து வைத்தாள். சூப் எங்கே என்று சைகை காட்டினேன். இரண்டு கையையும் விரித்தாள். பிறகு விரலை நீட்டிச் சன்னல் வழியாகப் பச்சைக் கதவைக் காட்டினாள். தூக்குப்போசியைக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

அதன் அடிப்பக்கத்தில் எங்கள் அக்கா வீட்டுப் பாத்திரங்களில் வெட்டியிருக்கிற எழுத்து: பா.

ஒன்பது நாளாக அதில் ரசம் குடித்திருக்கிறேன். ஒருநாள்கூட அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆயிரத்து அறுநூறு அடி ஆழம் பார்த்தவன்.

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். படிக்கு முன்னால் நின்றேன். மிதித்தால் எம்பேரு அர்த்தநாரி இல்லே என்று சொன்ன சத்தியம். மிதித்தால் பேர் போய்விடும். இந்த வயதுக்கு மேல் வேறு பேருக்கு எங்கே போவது?

கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து வளையல் சத்தம் வந்தது. "வாங் மாமா, ரசம் ஆறுது" என்றாள். அப்போதுதான் யோசித்தேன். அந்த வீட்டில் என்னை அர்த்தநாரி என்று யாரும் கூப்பிடப்போவதில்லை, மாமாதான். பின்னாலேயே சட்டையில் கிரீசோடு ராதெக் வந்து, "மாமா, நாளைக்குப் போற டிக்கெட்ட மாத்தீரலாமுங்களா?" என்றான். "ஆகட்டும், மாப்ளே" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போனதும் இந்த நோட்டை யாராவது படித்துவிட்டு வம்புக்கு வரலாம். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுபத்தாறு போண்டா இல்லை, ஏழு. கரடித் தோல் மூன்று டன் இல்லை. போலந்து மாடுகள் கட்டின இடத்திலேயே நின்றன. ராய்ச்சூரில் கீழேயிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. யானையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். எதையும் நம்ப வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் இந்த ஊர்ப் பெயரைப் போல மெய். புதன்கிழமை மத்தியானம், வெறும் மனுஷனாக, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, என் சொந்தக் காலால் அந்தப் படியை மிதித்து உள்ளே போனேன்.